இரண்டாங்குரல்காரர்

பாடத் தொடங்குமுன் அவர் ஒரு காரியம் செய்வார். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, விளக்கு கண்ணில் அடிக்காதபடி இடக்கையை நெற்றிக்கு மேலே பிடித்து, வந்திருக்கும் சனத்தை ஒருமுறை முழுக்கப் பார்ப்பார். முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் கதவோரம் பியர் கிளாசோடு நிற்பவர்கள் வரை ஒரு முகத்தையும் விடமாட்டார். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறார் என்றே நான் முதலில் நினைத்தேன். அவருக்கும் அவரோடு சேர்ந்து பாடுகிறவருக்கும் ஒரு வருடம் வான் ஓட்டிய பிறகுதான் விளங்கியது. அவர் எண்ணவில்லை, தேடினார். அன்றைக்கு எந்தப் பாட்டைப் பாடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத் தேடினார்.

அயர்லாந்தில் அவர்களுடைய ஊர் வழக்கம் அப்படி. ஒரு பாட்டை ஒருவர் நெடுநாள் பாடிவந்தால் அது அவருடைய பாட்டு. யார் கட்டியது என்பது முக்கியமில்லை. அவர் இருக்கிற அறையில் இன்னொருவர் அதைப் பாடமாட்டார். பெரும்பாலான ஐரிஷ்காரர் இதை ஒரு மரியாதையாக வைத்திருந்தார்கள். வசதிப்படாத இடத்தில் விட்டும் விடுவார்கள். இவர் விடமாட்டார். அறை என்ற எல்லையையும் இவர் எடுத்துவிட்டிருந்தார். உயிரோடு இருக்கிற ஒருவருடைய பாட்டை, அவர் தன் வாயால் தராமல், உலகத்தில் எந்த மூலையிலும் பாடமாட்டார். தந்தவரே அறைக்குள் இருந்தால் முதலில் அவரைத்தான் பாடக் கூப்பிடுவார்.

அவர்கள் இரண்டு பேர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். இளவயதில் கட்டட வேலைக்கு மொன்றியலுக்கு வந்து, வேலை முடிந்த நேரங்களில் மதுக்கடைகளில் பாடத் தொடங்கி, பிறகு கட்டட வேலையை விட்டுவிட்டவர்கள். நான் அவர்களைக் கண்டபோது முப்பது வருடம் சேர்ந்து பாடியிருந்தார்கள். ஐந்து இசைத்தட்டு வெளிவந்திருந்தது. ஐந்திலும் இரண்டு பேரும் ஒரே மாதிரியான வெள்ளைக் கம்பளிச் சட்டை போட்டு, ஒரே கல்மதிலில் சாய்ந்து நின்றார்கள். தலைமயிர் மட்டும் தட்டுக்குத் தட்டு குறைந்துகொண்டு வந்தது.

மற்றவருடைய பெயர் டெர்மட். நெட்டை மனிதர், மாண்டலின் வாசிப்பார், பகிடி விடுவார், சனத்தைச் சிரிக்க வைப்பார். முதற்குரல் பெரும்பாலும் அவருடையது. அதாவது பாட்டின் மெட்டை அவர் பாடுவார். நான் சொல்லவந்த மனிதர் இரண்டாங்குரல். அதே சொற்களை, அதே நேரத்தில், மெட்டுக்குக் கீழே வேறொரு சுரத்தில் பாடுவார். தனியாகக் கேட்டால் அது பாட்டு மாதிரியே இராது. அவர் பாடும்போது சனத்தைப் பார்ப்பதில்லை. டெர்மட்டின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் ஒரே கணத்தில் மூச்சு எடுத்து, ஒரே கணத்தில் சொல்லை விடுவதற்கு அது தேவை என்று பிறகு சொன்னார்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னார் கரையில் வலை இழுத்தேன், முகாமில் இருந்தேன், மூன்று நாடு கடந்து கனடா எல்லையில் அகதி என்று கையைத் தூக்கினேன். மொன்றியலில் துறைமுகத்துப் பக்கம் பெட்டி ஏற்றினேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துடைத்தேன். அந்த வேலையும் போன பிறகு ஒரு ஐரிஷ் மதுக்கடையின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பிற்பகல் டெர்மட் குசினிக்குள் தலையை நீட்டி, "உங்களிலை ஆருக்கு வான் ஓடத் தெரியும்?" என்று கேட்டார். நான் சவர்க்கார நுரையோடு கையை உயர்த்தினேன். லைசென்ஸ் எடுத்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அதை அவர் கேட்கவில்லை.

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் எனக்கு இப்போது எல்லாம் எங்களுடைய பேச்சிலேயே ஞாபகம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதல்நாள் நான் இரண்டாங்குரல்காரரை 'மிஸ்டர்' என்று கூப்பிட்டேன். முகத்தைச் சுளித்தார். "அண்ணை" என்றேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டார். மூத்த சகோதரன் என்றேன்.

"எனக்கு ஏற்கெனவே ஏழு தம்பிமார் இருக்கிறாங்கள். ஒருத்தனாலும் ஒரு பிரயோசனமும் இல்லை."

"அப்ப என்னெண்டு கூப்பிடுறது?"

கொஞ்சம் யோசித்தார். "சரி, எட்டாவது ஆளாய் இரு. ஆனால் ஸ்பீக்கர் பெட்டியை நீதான் தூக்க வேணும்."

தூக்கினேன். ஐந்து குளிர்காலம் தூக்கினேன்.

அவரிடம் கறுப்பு மட்டை போட்ட ஒரு கொப்பி இருந்தது. பாட்டின் வரிகள் அதில் இல்லை. வரிகள் எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தன. கொப்பியில் இருந்தது பாட்டின் பெயரும் அதைத் தந்தவருடைய பெயரும் மட்டுமே. தந்தவர் இறந்துவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறிய சிலுவை. இறந்தவருடைய பாட்டை, பெயர் சொல்லிவிட்டுப் பாடலாம். ஆகவே அவர் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னும், இது இன்ன ஊரில் மீன் விற்ற இன்ன கிழவியுடையது, இது தபால்காரர் ஒருவருடையது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். டெர்மட் பின்னால் நின்று கொட்டாவி விடுவார்.

ஒருமுறை ஷேர்ப்ரூக்குக்கு அப்பால் ஒரு கிராம மண்டபத்தில் பாடினார்கள். குதிரைச் சந்தையைப் பற்றிய ஒரு பாட்டு. அதில் இவர்தான் முதற்குரல். இரண்டாவது அடியில் நிற்கும்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு வயதான மனிதர் பிந்தி வந்தார். சப்பாத்துப் பனியைத் தட்டிவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். இவர் பாட்டை நிறுத்திவிட்டார். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"நீ செத்துப்போனாய் எண்டெல்லோ எனக்குச் சொன்னாங்கள்" என்றார் மைக்கிலேயே.

அந்த மனிதர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நானோ? செத்தது என்ரை தம்பி."

"அப்ப இது உன்ரை பாட்டு. வந்து பாடு."

"எனக்கு இப்ப தொண்டையும் இல்லை, பல்லும் இல்லை. நீயே வைச்சிரு."

"அப்பிடி இல்லை. மேடைக்கு வந்து சனத்துக்கு முன்னாலை சொல்லு."

கிழவரைக் கைபிடித்து மேடைக்கு ஏற்றினார்கள். அவர் மைக்குக்கு மிகக் கிட்டப் போய், "குடுத்திட்டன், குடுத்திட்டன், என்னை இருக்க விடுங்கோ" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இவர் சிரிக்கவில்லை. பாட்டை முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்கினார். திரும்பி வரும்போது வானுக்குள் கொப்பியை எடுத்து, அந்தச் சிலுவையை அழிரப்பரால் கவனமாக அழித்தார்.

"இனி அவர் உண்மையாச் செத்தால் திரும்பக் கீறவேணும்" என்றேன்.

"கீறுவம். அவசரமில்லை" என்றார்.

இன்னொரு நாள் கஸ்பே பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். பனிப்புயலில் வீதியை மூடிவிட்டார்கள். மத்தியானம் முழுக்க ஒரு பெற்றோல் நிலையத்தின் முன்னால் நின்றோம். டெர்மட் பின் சீற்றில் நித்திரை. இவர் என்னைப் பார்த்து, "உன்னட்டை ஒரு பாட்டும் இல்லையோ?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாதான். ஒருவர் முன்வரி சொல்ல, கயிற்றில் நிற்கிற எல்லாரும் பின்வரி சொல்லி இழுப்பது. இரண்டு வரியையும் நானே பாடிக் காட்டினேன். என் குரல் தகரக் குரல். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆற்றை பாட்டு?"

"ஒருத்தற்றையும் இல்லை அண்ணை. கரையிலை எல்லாரும் பாடுறது."

"உங்கடை கயித்திலை முன்வரி சொன்னது ஆர்?"

"சூசையண்ணை எண்டு ஒருத்தர்."

"இருக்கிறாரோ?"

"தெரியாது. நாங்கள் வெளிக்கிடேக்கை அவர் வரமாட்டன் எண்டு கரையிலேயே நிண்டிட்டார்."

அவர் கொப்பியை எடுத்து, என்னிடம் கேட்டுக் கேட்டு, சூசை என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினார். சிலுவை போட வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டார். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது, மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போதோ ரயர் மாற்றும்போதோ, "உன்ரை பாட்டுக்காரரைப் பற்றி ஏதும் அறிஞ்சியோ?" என்று கேட்பார். சமாதான காலத்திலும் கேட்டார். சண்டை திரும்பத் தொடங்கிய பிறகும் கேட்டார். ஒவ்வொரு முறையும் "இல்லை" என்றுதான் சொன்னேன். மொன்றியலில் எங்கள் ஊர்ச்சனம் எவ்வளவோ இருந்தது. சூசையண்ணையைப் பற்றி என்னிடம் கேட்டது இவர் ஒருவர்தான்.

அவர்களுக்கு ஒரு பாட்டு பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. ஊரில் எல்லாக் கலியாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டாரை அக்கரைக்கு ஏற்றிப்போகிற ஒரு தோணிக்காரனைப் பற்றியது. கடைசி அடியில் அவன் விரும்பிய பெண்ணின் மாப்பிள்ளையே வந்து தோணியில் ஏறுவான். மூன்றாவது இசைத்தட்டில் வந்த அந்தப் பாட்டை ஒரு பருவம் முழுக்க அயர்லாந்து வானொலி போட்டது. அதைக் கொண்டு அவர்கள் இரண்டுமுறை ஊருக்குப் போய்ப் பெரிய மண்டபங்களில் பாடிவிட்டு வந்தார்கள். பிறகு மறுபடியும் மதுக்கடை, கத்தோலிக்கக் கோவில் மண்டபம், மார்ச் மாதத்து ஐரிஷ் திருநாள் ஊர்வலம். எங்கே போனாலும் சனம் கடைசியில் "தோணிக்காரன்! தோணிக்காரன்!" என்று மேசையில் தட்டும். அது டெர்மட்டின் பாட்டு. டெர்மட்டுக்கு அவருடைய மாமி கொடுத்தது.

டெர்மட் மொன்றியல் ஓரத்தில் இல்-பிசாரில் மகளோடு இருந்தார். ஒரு தை மாதக் காலை வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மூளையில் இரத்தம் கட்டிவிட்டது. வலப்பக்கம் கையும் காலும் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது. 'நோ.' எதைக் கேட்டாலும் நோ. வலிக்கிறதா, நோ. மகள் வந்திருக்கிறாள், நோ. தேத்தண்ணி வேணுமோ, நோ. சொல்லிக்கொண்டே இடக்கையை நீட்டிக் கோப்பையை வாங்குவார். அவர் நினைப்பது ஒன்று, வாய் சொல்வது இந்த ஒன்றுதான், நாங்கள்தான் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர் சொன்னார்.

அவரை டோர்வல் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை பிற்பகல்களில் நான் இவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இவர் கிட்டாரையும் கொண்டுவருவார். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிரெஞ்சுக் கிழவர் இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் தன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

மாசி தொடங்கியதும் இவருடைய வீட்டுத் தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. முன்பு நிகழ்ச்சிகளைப் பேசி ஒழுங்கு செய்வதை எல்லாம் டெர்மட் கவனித்தார். இப்போது நான்தான். எடுக்கிற ஒன்றிரண்டு பேரும் ஆறுதல் சொல்லத்தான் எடுத்தார்கள். சேர்ந்து பாடியவர்களில் ஒருவர் விழுந்துவிட்டால் அந்தச் சோடி முடிந்தது என்று எல்லாரும் தாங்களாகவே தீர்மானித்துவிட்டிருந்தார்கள். இவர் என்னிடம் ஒரே ஒரு காரியம்தான் கேட்டார். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் மண்டபத்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு வழக்கமாகப் பாடுகிற நிகழ்ச்சி விட்டுப்போகக் கூடாது.

"அதிலை எங்கடை ரெண்டு பேற்றை பேரும் போட்டு நோட்டீஸ் ஒட்டுவினம். அதை ஒட்டினாப் போதும். டெர்மட் இன்னும் இருக்கிறான் எண்டு சனத்துக்குத் தெரியும்."

மண்டபத்துக்குப் பொறுப்பாக மிஸிஸ் பர்க் என்றொரு பெண்மணி இருந்தார். நான் எடுத்துப் பேசினேன். அவர் நல்ல மனுசி. ஆனால் நேராகக் கேட்டார்: "தோணிக்காரன் பாடுவாரா? பாடாவிட்டால் சனம் வராது. ரொறன்ரோவிலிருந்து ஒரு இளம் குழு வரக் கேட்டுக்கொண்டிருக்கிறது."

"பாடுவார்" என்றேன்.

அது நான் விட்ட பிழை. ஐந்து குளிர்காலம் அவரோடு திரிந்தவன், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த நேரம் எனக்கு நோட்டீஸ்தான் கண்ணில் தெரிந்தது. போய் அவரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை.

"நீ மற்ற ஆளின்ரை வீட்டைக் கலியாணத்துக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறாய்" என்றார். "சரி. வீட்டுக்காரனைக் கேப்பம்."

அடுத்த வியாழன் கேட்டார். கட்டிலோரம் கதிரையை இழுத்துப்போட்டு, டெர்மட்டின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, முழு விபரமும் சொல்லிவிட்டுக் கேட்டார்: "தோணிக்காரனை நான் பாடவோ?"

"நோ" என்றார் டெர்மட்.

இவர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டு எழும்பிவிட்டார். நான் வாசலில் மறித்தேன்.

"அண்ணை, அவர் எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்லுறார். இப்ப தேத்தண்ணிக்கும் நோ எண்டவர். குடிச்சு முடிச்சிட்டார்."

"தேத்தண்ணி வேறை."

"முகத்தைப் பாக்கச் சொல்லி டொக்டர் சொன்னவர். அவர் சிரிச்ச மாதிரித்தான் இருந்தது."

"அவன்ரை முகம் ஒரு பக்கம் இழுத்துப்போய்க் கிடக்கு. அதைப் பாத்து நான் பாட்டு எடுக்கிறதோ?"

அன்று அறைக்குத் திரும்பி இந்தக் கதையைப் பிலிப்பு அண்ணையிடம் சொன்னேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரே வீட்டில் இருந்தோம். மன்னார்க்காரர், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர், எங்கள் தமிழ்க் கோவிலில் பாடகர் குழுவில் முன்னுக்கு நிற்கிறவர். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார்.

"எடேய், இந்த நியாயத்துக்கு நான் பாடுற ஞானப்பாட்டை எங்கடை குழுவிலை நிக்கிற அந்தோனி பாடினால் நான் அவன்ரை வாயைப் பொத்தவோ? அவன்ரை குரலுக்குப் பொத்தத்தான் வேணும், அது வேறை கதை."

"பகிடியை விடுங்கோ அண்ணை. என்ன செய்யிறது?"

"லேசான வேலை. கேள்வியைத் திருப்பிக் கேக்கச் சொல்லு. 'நான் பாடாமல் விடவோ?' எண்டு கேக்கட்டும். அந்தாள் நோ எண்டு சொல்லும். பிறகென்ன, பாட வேண்டியதுதானே."

எனக்கு அது பெரிய புத்தியாகத் தெரிந்தது. அடுத்த வியாழன் வானில் போகும்போது அவரிடம் சொன்னேன். அவர் வானை நிறுத்தச் சொன்னார். நெடுஞ்சாலை, நிறுத்த முடியாது. அடுத்த வெளிவாசலில் இறங்கி டெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு முன்னால் நிறுத்தினேன். நான் அவரோடு இருந்த காலத்தில் அவர் என்மேல் கோபப்பட்டது அன்று மட்டும்தான்.

"ஏமாத்தி எடுக்கச் சொல்லுறாய். வாயில்லாதவனிட்டை."

"அவருக்கும் நீங்கள் பாடுறது விருப்பமாத்தான் இருக்கும் அண்ணை."

"விருப்பமா இருக்கலாம். எனக்கும் அப்பிடித்தான் படுது. ஆனால் அவன் தரேல்லை. தராமல் நான் பாடுறதெண்டால் அவன் செத்துப்போனான் எண்டு வைச்சுக்கொண்டு பாடுறது. கொப்பியிலை சிலுவை கீறச் சொல்லுறாய். விளங்குதோ?"

விளங்கியது. நான் சூசையண்ணையை நினைத்தேன். வானை எடுத்தேன்.

நோட்டீஸ் ஒட்டினார்கள். இரண்டு பெயரும் இருந்தன. அதற்குக் கீழே 'தோணிக்காரன்' என்று தடித்த எழுத்திலும் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வழக்கம்போல இரண்டு மைக், இரண்டு கதிரை வைத்தேன். வேண்டாம் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. டெர்மட்டின் மைக்கை அரை அடி உயர்த்தச் சொன்னார், அவர் நெட்டை என்பதால்.

மண்டபம் நிறைந்தது. சனம் இரக்கத்தோடு வந்திருந்தது. அது பாடுகிறவருக்கு நல்லதில்லை என்று அன்று கண்டேன். எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவாகக் கைதட்டினார்கள். அவர் மீன்காரக் கிழவியின் பாட்டுப் பாடினார், தபால்காரரின் பாட்டுப் பாடினார், ஷேர்ப்ரூக் கிழவர் கொடுத்த குதிரைச் சந்தையும் பாடினார். ஒன்றரை மணித்தியாலம் போனது. பிறகு மேசை தட்டத் தொடங்கியது. மிஸிஸ் பர்க் பக்கவாட்டில் நின்று என்னையே பார்த்தார். நான் மைக் வயரைப் பார்த்தேன்.

அவர் எழும்பினார். "அடுத்த பாட்டு டெர்மட்டின்ரை" என்றார். "டெர்மட்டுக்கு அவன்ரை மாமி குடுத்தது. எனக்கு ஒருத்தரும் தரேல்லை." கிட்டாரில் அதன் தொடக்கம் வந்தது. சனம் ஆரவாரித்தது. கடைசியில் இவரும் வழிக்கு வந்துவிட்டார் என்று எனக்கு ஒரு நிம்மதி. அதே நேரம் ஏதோ ஒன்று உடைந்தது போலவும் இருந்தது.

அவர் பாடத் தொடங்கினார். சனம் அமைதியானது. பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சொற்கள் தோணிக்காரனின் சொற்கள்தான். ஆனால் பாட்டைக் காணவில்லை. குரல் எங்கேயோ கீழே, ஒரே இடத்தில் நின்று நின்று நகர்ந்தது. அவர் சனத்தைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கதிரைக்கு மேலே, மைக்குக்கு நேரே, ஒரு மனிதரின் வாய் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தன்னுடைய இரண்டாங்குரலை மட்டும் பாடிக்கொண்டிருந்தார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதற்குள் முன்வரிசையில் ஒரு பெண்ணுக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் மெல்ல மெட்டைப் பாடத் தொடங்கினாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். உதவி செய்வதாக நினைத்தார்கள். அவர் கிட்டாரை நிறுத்தினார்.

"தயவுசெய்து வேண்டாம்" என்றார். "அது டெர்மட்டின்ரை இடம். அதை விட்டுவிடுங்கோ. நான் என்ரையைப் பாடுறன்."

அவர் மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கி நான்கு அடியும் பாடினார். அந்தப் பாட்டை நான் நூறுமுறையாவது டெர்மட் பாடக் கேட்டிருப்பேன். டெர்மட் எங்கே குரலை ஏற்றுவார், எங்கே இழுப்பார் என்று அன்றுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது. மூன்றாவது அடியில் அவர் தடுமாறினார். ஒரு சொல் முந்தி வந்துவிட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சமாளித்தார்.

முடிந்ததும் கைதட்டு உடனே வரவில்லை. வந்தபோதும் சிலர்தான் தட்டினார்கள். சிலர் கோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். மிஸிஸ் பர்க் என்னிடம் வந்து, "இதற்கு நான் தோணிக்காரன் என்று நோட்டீஸ் அடித்தேனே" என்றார். கண் சிவந்திருந்தது. கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "அடுத்த வருடம் பார்ப்போம்" என்றார். மொன்றியலில் அப்படி எத்தனையோ முதலாளிகள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதன் பொருள் எனக்குத் தெரியும்.

வானில் வரும்போது அதை அவரிடம் சொன்னேன். "ம்" என்றார். பிறகு, "மூண்டாவது அடியைப் பழுதாக்கிப் போட்டன்" என்றார்.

வியாழக்கிழமை போனோம். டெர்மட்டை அன்று சக்கர நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு பாட்டுக்குப் பாட்டு எது நன்றாக வந்தது, எது சறுக்கியது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது அவர்கள் வழக்கம். இவர் தனியாகப் பேசினார். ஒவ்வொரு பாட்டாகச் சொன்னார். டெர்மட் கேட்டுக்கொண்டு அங்கங்கே நோ என்றார். கடைசியில் இவர், "தோணிக்காரனிலை என்ரை குரலை மட்டும் பாடினன்" என்று சொல்லிக் கிட்டாரை எடுத்தார். "இப்பிடி."

பக்கத்துக் கட்டில் கிழவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இவர் பாடிக்கொண்டு போனார். மூன்றாவது அடியில் அதே இடத்தில் மறுபடி முந்தினார்.

"நோ!" என்றார் டெர்மட்.

இடக்கையால் சக்கர நாற்காலியின் கைப்பிடியில் அடித்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தின் நல்ல பக்கத்தில் எரிச்சல் இருந்தது. அவர் எரிச்சல்பட்டு நான் கண்டு மாதக்கணக்கு.

"தெரியும்" என்றார் இவர். "எனக்கும் தெரியும், பிழை. நீ இல்லாமல் எங்கை மூச்சு எடுக்கிறதெண்டு தெரியேல்லை."

மறுபடி மூன்றாவது அடி. டெர்மட் அந்த இடம் வருவதற்குச் சற்று முன்னால் வாயைத் திறந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு மூச்சை இழுத்தார். இவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் பிந்திவிட்டார்.

"நோ."

மறுபடி.

"நோ."

மறுபடி. இப்போது முந்திவிட்டார். நாற்காலியில் இன்னொரு அடி. கிழவர் பிரெஞ்சில் எங்களைத் திட்டினார். நான் அவரிடம் எனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொற்களில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை உதறினார். கொஞ்ச நேரத்தில் அவரே தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, முழங்கையை ஊன்றி எங்கள் பக்கம் திரும்பினார். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, டெர்மட் மூச்சை இழுக்கும் அதே இடத்தில் அந்தக் கிழவரும் மூச்சை இழுத்தார்.

தாதி தேத்தண்ணித் தள்ளுவண்டியோடு வந்து வாசலில் நின்றாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. பதினோராவது முறை இவர் மூன்றாவது அடியைப் பாடி முடித்துவிட்டுக் காத்திருந்தார்.

டெர்மட் ஒன்றும் சொல்லவில்லை.